மலைச்சரிவில் காணி வாங்குமுன்: மண்சரிவு ஆபத்தை எடைபோடுவது எப்படி?

முகாமிலும் உறவினர் வீட்டிலும் நாட்களைக் கடத்திவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் மனதில் இப்போது ஒரு கேள்விதான் பெரிதாக நிற்கிறது: "இந்த இடத்தில் வீடு கட்டலாமா, கட்டக்கூடாதா?" நட்டஈடாகவோ, சேமலாப நிதியாகவோ, வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பியதாகவோ கொஞ்சம் பணம் கையில் இருக்கலாம். அதைக் கொண்டு ஒரு முறைதான் காணி வாங்க முடியும். தவறான இடத்தில் போட்டால் பணமும் போகும், உயிருக்கும் உத்தரவாதம் இருக்காது.

உலகில் எரிமலையின் அடிவாரத்தில் வாழும் மக்கள் இருக்கிறார்கள். நம் மலைநாட்டில் எரிமலை இல்லை. நமக்குள்ள ஆபத்து மண்சரிவு. ஆனால் இரண்டு இடத்து மக்களும் எடைபோட வேண்டியது ஒன்றுதான்: பிழைப்பு மலையில் இருக்கிறது, ஆபத்தும் அதே மலையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த எடையைச் சரியாகப் போட உங்களுக்கு உதவும்.

மண் ஏன் சரிகிறது?

மலைநாட்டின் அடியில் இருப்பது கடினமான பாறை. அதன்மேல் காலங்காலமாக உக்கிப்போன பாறையும் மண்ணும் போர்வைபோலக் கிடக்கின்றன. சாதாரண மழை பெய்தால் தண்ணீர் இந்தப் போர்வைக்குள் இறங்கி ஊற்றாகவும் ஓடையாகவும் வெளியேறிவிடும். விடாமல் அடைமழை பெய்தால் வெளியேறுவதைவிட உள்ளே இறங்கும் தண்ணீர் கூடிவிடும். மண்ணின் பாரம் கூடுகிறது. மண் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் இறுக்கம் குறைகிறது. ஒரு கட்டத்தில் போர்வை முழுவதும் பாறையிலிருந்து வழுக்கி இறங்குகிறது.

மழை இயற்கை. ஆனால் மனிதர் செய்யும் சில வேலைகளும் ஆபத்தைக் கூட்டுகின்றன. வீட்டுக்கு இடம் எடுக்க மலையின் அடியை நிமிர்த்தி வெட்டுவது, வெட்டிய மண்ணைக் கீழே சரிவில் கொட்டுவது, தேயிலை மலையில் கான்களைத் துப்புரவாக்காமல் தூர்ந்துபோக விடுவது, குளியலறைத் தண்ணீரையும் கூரைத் தண்ணீரையும் வீட்டின் பின்னாலேயே விடுவது ஆகியவை முக்கியமானவை. மலையின் அடி என்பது சுவரின் அத்திவாரம் போன்றது. அதை வெட்டினால் மேலே இருப்பதைத் தாங்க ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். செங்குத்தான மலையின் நடுவே அல்லது அடிவாரத்தில், பெரிய கற்களும் மண்ணும் கலந்து, ஓரளவு சமமாக, தண்ணீர் வசதியோடு கிடக்கும் நிலம் வீடு கட்ட மிகவும் வசதியாகத் தெரியும். பல இடங்களில் அப்படிப்பட்ட நிலம் பழைய காலத்தில் மேலிருந்து சரிந்து வந்து தங்கிய மண். ஒரு முறை சரிந்தது மறுபடியும் அசையக்கூடும்.

நடந்த சம்பவங்கள் சொல்வது

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். வேலையும் வீடும் ஒரே தோட்டத்தில் கட்டுண்டு கிடக்கும்போது, போய் இருக்க வேறு காணி இல்லாத குடும்பத்துக்கு "வெளியேறுங்கள்" என்ற ஒரு சொல் மட்டும் போதாது. உயிர் பிழைத்தவர்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட 2016 ஆகிவிட்டது. அதுவரை அவர்கள் தற்காலிக இடங்களில் காலம் தள்ளினார்கள்.

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். 2007 ஜனவரியில் நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனை, ஹங்குராங்கெத்தை பகுதிகளில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பல இடங்களில் ஒரே நேரத்தில் மலைகள் இறங்கின.

கடல் கடந்தும் இதே கதைதான். 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு கேரளாவில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். 2024 ஜூலை 30ஆம் திகதி அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை கிராமங்கள் அழிந்தன.

இந்தச் சம்பவங்களில் மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, மண்சரிவு இரவிலும் விடியற்காலையிலும் வந்தால் இழப்பு கூடுகிறது. ஆகவே நீங்கள் வேலை செய்யும் இடத்தைவிடத் தூங்கும் இடம் முக்கியம். இரண்டாவது, எச்சரிக்கை முன்பே கிடைக்கக்கூடும். அதைக் கேட்டுக் கிளம்பப் போக்கிடம் வேண்டும். மூன்றாவது, நூறு வருடம் நின்ற லயம் என்பதால் அந்த இடம் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

காணி பார்க்கப் போகும்போது

வெயில் காலத்தில் மட்டும் காணியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனை பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கடுமையாக இருக்கும். வலப்பனை, இராகலை, பதுளை பக்கத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழைதான் பெரியது. அந்த மாதங்களில் ஒரு நாள், மழை விட்ட பிறகு, பகல் நேரத்தில் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே ஊறுகிறது, எந்த வழியாக ஓடுகிறது என்பதை நிலமே காட்டும்.

போகும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

• காணிக்கு மேலே உள்ள மலையில் பிறை வடிவில் நில வெடிப்பு அல்லது படிபோல இறங்கிய நிலம் இருக்கிறதா?
• மரங்கள், மின்கம்பங்கள், வேலிக் கட்டைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா?
• முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கிறதா? தெளிந்து வந்த ஊற்று கலங்கி வருகிறதா, அல்லது திடீரென்று நின்றுவிட்டதா?
• பக்கத்து வீட்டுச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா? கதவும் ஜன்னலும் சட்டத்தில் இறுகிப் பூட்ட முடியாமல் இருக்கின்றனவா?
• காணி ஓடையின் கரையிலோ, இரண்டு மலைகள் சேரும் பள்ளத்திலோ இருக்கிறதா? சரியும் மண் இந்தப் பள்ளங்களின் வழியாகவே வெகுதூரம் ஓடி வரும்.
• வீடு கட்ட எத்தனை அடி உயரத்துக்கு மலையை வெட்ட வேண்டியிருக்கும்?

வயதானவர்களிடம் பேசுங்கள். "இந்த மலை எப்போதாவது இறங்கியதா? பழைய லயம் ஒன்று இங்கிருந்து மாற்றப்பட்டதா? ஏன்?" என்று கேளுங்கள். விற்பவர் சொல்லாததை அயலில் உள்ள பாட்டி சொல்லிவிடுவார்.

இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலே காணி கூடாது என்று அர்த்தமில்லை. வெடிப்பு பழைய கட்டடக் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றிரண்டு சேர்ந்து தெரிந்தால், அறிக்கை கையில் கிடைக்கும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அறிக்கை முதலில், பணம் பிறகு

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை பெற வேண்டும் என்பது 2011 முதல் நடைமுறையில் உள்ளது. பிரதேச சபையில் கட்டட அனுமதி கேட்கும்போது இந்த அறிக்கையைக் கேட்பார்கள். நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்; எங்கே, எப்படி என்பதைப் பிரதேச சபையிலோ கிராம உத்தியோகத்தரிடமோ விசாரியுங்கள்.

பலர் காணியை வாங்கிவிட்டு, வீடு கட்டப் போகும்போதுதான் இந்த அறிக்கையைத் தேடுகிறார்கள். அப்போது "இங்கே கட்ட முடியாது" என்று வந்தால் பணம் முடங்கிவிடும். ஆகவே விற்பவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "காணி எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அறிக்கை வந்ததும் பேசுவோம்." முற்பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அறிக்கை பாதகமாக வந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். அவசரப்படுத்தும் விற்பனையாளர் ஏன் அவசரப்படுகிறார் என்று யோசியுங்கள்.

"வரைபடத்தில் எங்கள் பகுதி ஆபத்தில்லாத நிறத்தில் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். வரைபடம் உதவும், ஆனால் அது போதாது. ஒரு கணக்கைப் பாருங்கள். 7 பேர்ச்சஸ் காணி சுமார் 1,900 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 13 மீற்றர். 1:10,000 அளவுள்ள வரைபடத்தில் அது ஒரு மில்லிமீற்றரைவிடச் சற்றுக் கூடிய புள்ளி. 1:50,000 வரைபடத்தில் பேனா முனையைவிடச் சிறியது. பின்னால் உள்ள வெட்டுமேடும் பக்கத்து ஓடையும் அந்தப் புள்ளிக்குள் தெரியாது. அதனால்தான் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பது அவசியம்.

அறிக்கையில் "நிபந்தனைகளுடன் கட்டலாம்" என்று இருந்தால், அந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, கட்டுமுன் செலவைக் கணக்கிடுங்கள். தாங்குசுவர், நீர் வடிகான், மலையிலிருந்து விட வேண்டிய தூரம் எல்லாம் அதில் இருக்கும். நிபந்தனையை விட்டுவிட்டுக் கட்டினால் அறிக்கை வெறும் கடதாசிதான்.

காணியின் உரிமை யாரிடம்?

மலைநாட்டில் மண்ணின் ஆபத்தோடு உறுதியின் ஆபத்தும் சேர்ந்து வருகிறது. தோட்டக் காணிகளில் பெரும்பகுதி 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு அரசின் கைக்கு வந்தது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றைப் பொறுப்பேற்று நடத்துகின்றன. கம்பனிக்கே சொந்தமில்லாத நிலத்தைத் தோட்டத்தில் உள்ள எவரும் உங்களுக்கு விற்க முடியாது. லயக் காம்பராவையோ அதன் பக்கத்து மரக்கறித் தோட்டத்தையோ முத்திரை ஒட்டிய கடிதத்தில் "விற்றால்", அது உங்களுக்கு உரிமை தராது. ஆபத்து என்று அரசு பிறகு உங்களை எழுப்பும்போதும் காணிக்காரர் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

தனியார் காணியாக இருந்தால், விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டு, காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். வாங்குமுன் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும்படி நொத்தாரிசிடம் கேளுங்கள். ஈடு, வழக்கு, வேறு உரிமையாளர் இருந்தால் தெரிந்துவிடும். அரசு அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் உள்ள காணியானால், பிரதேச செயலாளரின் அனுமதியின்றி அதைக் கைமாற்ற முடியாது. வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த வீட்டை ஒருவர் விற்க வந்தால், உறுதி அவர் பெயரில் வந்துவிட்டதா, விற்கத் தடை நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உறுதியைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதுவது நல்லது. வீடு இழந்து நட்டஈடு கேட்கும் நாளில் இருவரில் ஒருவர் இல்லாமற் போனாலும் மற்றவருக்கு அது பிடிமானமாக இருக்கும்.

இரண்டு காணிகளை ஒப்பிடுவோம்

ஒரு குடும்பம் இரண்டு காணிகளைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனைவி கொழுந்து பறிக்கிறார். கணவன் நகரத்தில் கடையில் வேலை. இரண்டு பிள்ளைகள் பாடசாலை போகிறார்கள்.

முதல் காணி மலையடியில், ஓடைப் பக்கத்தில், சமமாக இருக்கிறது. பெரட்டுக் களத்துக்குப் பத்து நிமிட நடை. பஸ் வீதி பக்கத்தில். விலை குறைவு. ஆனால் பின்னால் பத்தடிக்கு மேல் மலையை வெட்ட வேண்டும். இரண்டாவது காணி மேட்டின் முதுகில், சாய்வு குறைந்த இடத்தில் இருக்கிறது. வேலைக்கு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். குழாயில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். விலை கூட.

முதலில் பார்த்தால் முதல் காணிதான் லாபம். இப்போது தாங்குசுவர்ச் செலவைச் சேருங்கள். மழைக்கு மழை மண் அள்ளும் செலவைச் சேருங்கள். சிவப்பு எச்சரிக்கை வரும் ஒவ்வொரு நாளும் கூலியை விட்டு, பிள்ளைகளோடு பாடசாலையில் தங்கும் நாட்களைச் சேருங்கள். விலை வித்தியாசம் சுருங்கிவிடும். சில நேரம் மறைந்தே போகும். இவற்றுக்கு மேலாக ஒன்று இருக்கிறது. மழை பெய்யும் இரவில் தூங்க முடியாத வீட்டுக்கு விலை போட முடியாது.

இரண்டாவது காணிக்கும் கணக்குப் போடுங்கள். தூரத்தால் கைப்பெயர் குறைந்தால், பிள்ளை பாடசாலையை விட்டுவிட்டால், அதுவும் இழப்புதான். முச்சக்கரவண்டியை நாலு வீடு சேர்ந்து வாடகைக்குப் பிடிக்கலாமா, தண்ணீர்க் குழாயைச் சேர்ந்து போடலாமா என்று அயலவரோடு பேசுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு ஒரு குடும்பம் தனியே போவதைவிட, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போவது இலகு.

இந்தோனேசியாவின் ஜாவாவில் மெராப்பி எரிமலை 2010இல் வெடித்தபின், மேலே இருந்த கிராமத்தவர் பலர் கீழே பாதுகாப்பான இடத்தில் நிரந்தர வீடுகளுக்கு மாறினார்கள். வயலையும் மாட்டையும் மலையில் விட்டுவிடவில்லை. பகலில் மேலே போய் வேலை செய்து, இரவில் கீழே வந்து தூங்குகிறார்கள். நமக்கும் இது ஒரு வழி. வேலைக்காக மலைக்குப் போகலாம். தூங்குவதற்கு அந்த மலையடி வேண்டியதில்லை.

பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியிருந்தால்

எல்லாக் குடும்பத்துக்கும் தெரிவு இல்லை. புதிய காணி கிடைக்கும்வரை பழைய லயத்துக்கே போக வேண்டியிருக்கலாம். முதலில், உங்கள் வீடு இருக்கும் இடம் பார்வையிடப்பட்டதா, திரும்பலாம் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வெளியேறச் சொல்லிச் சிவப்புக் கோடு போட்ட வீட்டுக்கு, வெயில் அடிக்கிறது என்பதற்காகத் திரும்பாதீர்கள்.

திரும்பியவர்கள் மழையை அளக்கப் பழகுங்கள். நேரான பக்கமுள்ள ஒரு தகரப் பேணியையோ வாளியையோ மரமும் கூரையும் இல்லாத வெளியில் வையுங்கள். எச்சரிக்கைக்குப் பொதுவாகக் கொள்ளும் அளவுகள் இவை:

• 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது சுமார் 3 அங்குலம்: மஞ்சள். விழிப்பாக இருங்கள். மலையையும் ஊற்றையும் கவனியுங்கள்.
• 24 மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றர், சுமார் 4 அங்குலம்: செம்மஞ்சள். கிளம்பத் தயாராகுங்கள். வயதானவர்களையும் கர்ப்பிணித் தாய்மாரையும் சிறு பிள்ளைகளையும் இருட்டுமுன் அனுப்பிவிடுங்கள்.
• 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர், சுமார் 6 அங்குலம், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர்: சிவப்பு. உடனே வெளியேறுங்கள்.

அளவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நிலம் வெடித்தாலும், ஊற்று கலங்கினாலும், மலைக்குள் உறுமல் கேட்டாலும், ஓடைத் தண்ணீர் மழையிலும் திடீரென்று குறைந்தாலும் கிளம்புங்கள். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடாதீர்கள். சரிவின் பாதையை விட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்குப் போங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், உறுதி, மருந்துத் துண்டு ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கதவருகே வையுங்கள். வீட்டின் மேற்பக்கத்துக் கான்களை மழைக்குமுன் துப்புரவாக்குங்கள். தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய கான் என்றால், தலைவர்மார் மூலம் எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கூரைத் தண்ணீரையும் குளியல் தண்ணீரையும் குழாய் வைத்து ஓடைக்குக் கொண்டுபோய் விடுங்கள். மழை இரவுகளில் மலைப்பக்கத்துக் காம்பராவில் தூங்காமல் முன்பக்கத்தில் தூங்குங்கள். இவை ஆபத்தைக் குறைக்கும், நீக்காது.

முடிவெடுக்குமுன் ஐந்து கேள்விகள்

1. மழைக்காலத்தில் காணியை நேரில் பார்த்தோமா?
2. மண்சரிவு அறிக்கை கையில் இருக்கிறதா? அதன் நிபந்தனைகளை நிறைவேற்றப் பணம் இருக்கிறதா?
3. உறுதியும் பதிவும் சரியா? விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா?
4. வேலை, பாடசாலை, தண்ணீர், வைத்தியசாலை ஆகியவற்றுக்கான தூரத்தைக் குடும்பம் தாங்குமா?
5. சிவப்பு எச்சரிக்கை வந்தால் அன்றிரவு எங்கே போவோம்?

ஐந்துக்கும் பதில் இருந்தால் வாங்கலாம். இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ பதில் இல்லையென்றால் பொறுங்கள். குடும்பத்தில் பெரியவர்கள், பெண்கள், படித்த பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். இந்தப் பக்கங்களை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கள் கள உத்தியோகத்தர் உங்கள் பகுதிக்கு வரும்போது காணி பற்றிய கடதாசிகளைக் கொண்டுவந்தால், எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லி உதவுவார். இன்னும் ஒரு மழைக்காலம் வாடகை வீட்டில் இருப்பது கஷ்டந்தான். ஆனாலும் பிள்ளைகள் பயமில்லாமல் தூங்கும் ஒரு வீட்டுக்காக அந்த ஒரு மழைக்காலம் பொறுத்திருக்கலாம்.